பாறசாலை டிப்போவின் கணக்கைத் திறக்க வேண்டும்

2022 அக்டோபர் 1-ஆம் தேதி கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பன்னிரண்டு மணி நேர ‘சிங்கிள் டூட்டி’யை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாநிலம் முழுக்கக் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு டிப்போவில், பாறசாலையில், தொடங்கினார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் பல டிப்போக்களில் ஒரே நாளில் தொடங்குவதாகத்தான் முதலில் பேச்சு. தயாரித்து வைத்திருந்த ஷெட்யூல்களில் குளறுபடி இருப்பதைத் தொழிற்சங்கங்கள் எடுத்துக் காட்டியதும் மற்ற டிப்போக்களைத் தள்ளிவைத்துவிட்டு, தமிழக எல்லையை ஒட்டிய இந்தக் கடைக்கோடி டிப்போவைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

சோதனை என்று ஒன்றைத் தொடங்கினால் அதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். எதற்காகத் தொடங்கினோம், என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது, அடுத்து என்ன என்று நாலு பேருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். பாறசாலையைப் பற்றி வெளியே அதிகம் பேசப்பட்டது கலெக்‌ஷன் கூடியது என்பது மட்டும்தான். களியக்காவிளை எல்லையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, வெள்ளறடையிலிருந்து பூவார் வரை, ‘ஆனவண்டி’ என்று அழைக்கும் இந்தக் கழகத்தின் பஸ்ஸை நம்பி வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற கிராமங்களுக்கு அந்த ஒற்றை வரி போதாது. அந்த வரியை மட்டும் நம்பி அடுத்தடுத்த மாற்றங்கள் வந்தால், சில ஆண்டுகளில் இந்த ஊர்களின் சாதாரண பஸ் யாரும் உத்தரவு போடாமலே நின்றுபோகும். எச்சரிக்கை மணியை இப்போதே அடிக்க வேண்டியிருக்கிறது.

பழைய முறையை நியாயப்படுத்த நமக்கு விருப்பமில்லை. டபுள் டூட்டி என்பது என்ன? விடியுமுன் வண்டியை எடுக்கிற டிரைவரும் கண்டக்டரும் இரவு வரை அதே வண்டியில் கிடப்பார்கள். இரண்டு நாள் வேலை ஒரே நாளில் முடிந்ததாகக் கணக்கு, மறுநாள் ஓய்வு. வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும். தொலைவில் வீடு இருப்பவருக்கு இது வசதி. பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்த கண்ணும் கையும் கடைசி ட்ரிப்பில் எப்படி இருக்கும் என்பதை அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் பயணி மட்டும் அறியமாட்டார். அது ஆபத்தான ஏற்பாடு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வரம்பு கட்டியிருக்கிறது: நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, இடைவேளையும் சேர்த்து ஒரு நாளின் விரிவு பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வேலையைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு துண்டுகளுக்கு மேல் கூடாது. இதைப் படித்துவிட்டு டபுள் டூட்டிக்கு வக்காலத்து வாங்க முடியாது.

நிர்வாகம் கொண்டுவந்த சிங்கிள் டூட்டி இந்தச் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துத்தான் எழுதப்பட்டது. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டம், நடுவே நான்கு மணி நேரம் வரை ஓய்வு, வாரத்துக்கு ஆறு நாள். நிர்வாகம் சொன்ன காரணமும் எளிதில் விளங்குவது: காலையில் ஏழிலிருந்து பதினொன்று வரையும் பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரையும்தான் கூட்டம், அப்போது அதிக வண்டிகளை இறக்கி, நடுப்பகலில் காலியாக ஓடுவதைக் குறைத்தால் டீசலும் மிச்சம், கலெக்‌ஷனும் கூடும். காகிதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

குறை தொடங்குவது காகிதத்துக்கு வெளியே. ஒரு கண்டக்டரின் நாளை எடுத்துக்கொள்வோம். டிப்போவிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி அவர் வீடு. முன்பு வாரத்துக்கு மூன்று முறை வந்துபோனவர் இப்போது ஆறு முறை வரவேண்டும். ஐந்தரை மணி டூட்டிக்கு வர, அந்த நேரத்தில் அவரை ஏற்றிவர வேறொரு பஸ் ஓடுவதில்லை. பைக் இருக்க வேண்டும், பெட்ரோல் போட வேண்டும். பத்தரைக்கு முதல் பாதி முடிகிறது. அடுத்த பாதி இரண்டரைக்கு. இடையிலுள்ள நான்கு மணி நேரத்தை ‘ஓய்வு’ என்கிறது ஷெட்யூல். எங்கே ஓய்வு? வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. டிப்போவில் படுக்க இடம், மின்விசிறி, பெண் கண்டக்டர்களுக்குத் தனி அறை, சுத்தமான கழிப்பறை எல்லாம் இருந்தால் அது ஓய்வு. இல்லாவிட்டால் சம்பளமில்லாத காத்திருப்பு. சாயங்காலம் டிக்கெட் கணக்கான ‘வேபில்’லை ஒப்படைத்து, பணத்தை எண்ணிக் கட்டிவிட்டு அவர் வெளியே வரும்போது பன்னிரண்டு மணி நேரம் முடிந்திருக்கும். வேலைநேரத்தை மாற்றுகிறவர்கள் முதலில் மாற்றியிருக்க வேண்டியது ஓய்வறையை.

இதைவிடப் பெரிய கோளாறு, சம்மதம் வாங்கிய விதத்தில் இருக்கிறது. 2022 ஓணத்துக்கு முன்பு கழகத்தின் ஊழியர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் என்று இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. பாக்கியில் ஒரு பகுதிக்குப் பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் தருவது பற்றி அரசும் நீதிமன்றமும் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. செப்டம்பர் 8 திருவோணம். செப்டம்பர் 5-ஆம் தேதி முதலமைச்சர் பினராயி விஜயன் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார். பாக்கிச் சம்பளம் உடனே வரும், இனி மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் சம்பளம் என்று ஒரு பக்கம் உறுதி. ஆறு நாள் சிங்கிள் டூட்டிக்கு ஒத்துழைப்போம் என்று மறுபக்கம் உறுதி. ஓணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, இரண்டு மாதமாக வீட்டுக்குப் பணம் கொண்டுபோகாத ஆளிடம் வாங்கிய சம்மதத்துக்கு எவ்வளவு எடை என்று படிக்கிறவர்களே முடிவு செய்யட்டும்.

காங்கிரஸ் சார்புடைய டி.டி.எஃப். சங்கம் அக்டோபர் 1 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றது. வேலைக்கு வராதவர்களுக்கு அந்த நாள் சம்பளம் கிடையாது, ‘டயஸ்நோன்’ என்றது நிர்வாகம். அன்றைய போக்குவரத்து அமைச்சர் ஆன்டனி ராஜுவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி நேரத்தில் வேலைநிறுத்தம் வாபஸ். மறுநாள் பாறசாலையில் புதிய ஷெட்யூல்.

சரி, ஊழியர் தன் பங்கைச் செய்தார். மறுபக்கம்? ஐந்து மாதம்கூட முடியவில்லை. 2023 பிப்ரவரியில், சம்பளத்தை இனித் தவணையாகத் தரலாம் என்று அன்றைய நிர்வாக இயக்குநர் பிஜு பிரபாகர் சுற்றறிக்கை விட்டார். மாதத் தொடக்கத்தில் ஒரு பகுதி. அரசுப் பணம் வந்த பிறகு மீதி. மொத்தமாக வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஐந்தாம் தேதிக்குள் முழுச் சம்பளம் என்ற பேச்சு காற்றில் போயிற்று; பன்னிரண்டு மணி நேரம் மட்டும் நின்றது. அதற்கு முந்தைய மாதம், வைக்கம் டிப்போவில் ஒரு பெண் கண்டக்டர், சம்பளமில்லாமல் நாற்பத்தோராம் நாள் வேலை செய்வதாக எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். வண்டியை நிறுத்தவில்லை, கோஷம் போடவில்லை, பயணியிடம் முறைப்பாடு சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது பாலா டிப்போவுக்கு இடமாற்றம். ஊரெல்லாம் கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது.

சம்பள விஷயத்தில் பிறகு முன்னேற்றம் வந்ததை மறைக்கக்கூடாது. 2024 செப்டம்பரில் ஒரே தவணையில் சம்பளம் கிடைத்தது. 2025 மார்ச் முதல், அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் காலத்தில், மாதத்தின் முதல் தேதியிலேயே வந்தது. அந்த ஆண்டு ஓணம் முடிந்து செப்டம்பர் 8-ஆம் தேதி ஒரே நாளில் டிக்கெட் வருமானம் பத்துக் கோடி ரூபாயைத் தாண்டியது என்று கழகம் பெருமையாகச் சொன்னது. நல்லதுதான். ஆனால் முதல் தேதியில் சம்பளம் போட வங்கியிலிருந்து ஓவர்டிராஃப்ட் எடுக்க வேண்டியிருந்தது; பிறகு அரசுப் பணத்தையும் வசூலையும் வைத்து அதை அடைக்க வேண்டும். திருவிழா முடிந்த திங்கட்கிழமைக் கூட்டத்தை வைத்து ஒரு நிறுவனம் தேறிவிட்டதா என்று முடிவுகட்ட முடியாது. மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் பனச்சமூட்டிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வண்டி ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மாற்றங்களின் வித்து வேறிடத்தில் இருக்கிறது. கல்கத்தா ஐ.ஐ.எம். பேராசிரியர் சுசீல் கன்னாவிடம் கழகத்தைச் சீரமைக்கும் அறிக்கையைக் கேரள அரசு கேட்டு வாங்கியது. கடனை மறுசீரமைப்பது, ஒரு பஸ்ஸுக்கு எத்தனை ஊழியர் என்ற விகிதத்தைக் குறைப்பது, வண்டிகள் நாளுக்கு ஓடும் கிலோமீட்டரைக் கூட்டுவது, கழகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிப்பது என்று அதில் பல சங்கதிகள். அறிக்கையில் பெரும்பகுதி சரியான நோய்க்குறிப்பு என்றே நாம் கருதுகிறோம். வேலையில் இருப்போரைவிட ஓய்வூதியம் வாங்குவோர் அதிகமாக இருக்கும் நிறுவனம், பழைய தடத்திலேயே ஓட முடியாது. ஆனால் நோய்க்குறிப்பில் எதை முதலில் எடுத்தார்கள் என்று பாருங்கள். 2018-இல் டோமின் தச்சங்கரி நிர்வாக இயக்குநராக வந்து டபுள் டூட்டியில் கைவைத்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே மாற்றப்பட்டார். அதே 2018 டிசம்பரில் உயர்நீதிமன்ற உத்தரவால் ‘எம்பானல்’ என்ற தற்காலிகக் கண்டக்டர்கள் 3,861 பேர் வீட்டுக்குப் போனார்கள். 2021 நவம்பரில் கே.எஸ்.ஆர்.டி.சி. ஸ்விஃப்ட் என்று தனிக் கம்பெனி. 2022 ஏப்ரல் 11-இல் அதன் வண்டிகள் சாலைக்கு வந்தன. ஜூலையில் தொண்ணூற்றுச் சொச்சம் டிப்போக்களின் அலுவலக வேலைகளை மாவட்ட அளவிலான பதினைந்து அலுவலகங்களுக்குள் சுருக்கினார்கள். அக்டோபரில் சிங்கிள் டூட்டி. வரிசையாகப் பார்த்தால், கீழே இருக்கும் ஆளின் நேரத்திலும் சம்பளத்திலும் இடத்திலும் முதலில் கத்தி வைத்தது தெரியும். பயணி எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதை ஊர் ஊராகக் கேட்டு ஷெட்யூல் போடுவது கடினமான வேலை. அதற்கு ஆளும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அது பின்னுக்குப் போனது.

டிப்போவிலிருந்து அலுவலகம் போனதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிராமத்து வண்டி இரண்டு நாள் வராவிட்டால், பஞ்சாயத்து உறுப்பினர் நேரே டிப்போவுக்குப் போய் டிப்போ அதிகாரியான ஏ.டி.ஓ.வின் மேசைக்கு முன் நிற்பார். பதில் வாங்காமல் நகரமாட்டார். மேசையும் கோப்பும் மாவட்ட அலுவலகத்துக்குப் போன பிறகு, டிப்போவில் இருப்பவர் ‘மேலே கேட்க வேண்டும்’ என்று மட்டுமே சொல்ல முடியும். நிர்வாகச் செலவு குறைந்திருக்கலாம். காரோடு கிராமத்துக்காரர் புகார் சொல்லப் போக வேண்டிய தூரம் கூடியிருக்கிறது.

ஸ்விஃப்ட் விஷயத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே டிரைவர்-கம்-கண்டக்டர் ஒப்பந்த ஊழியர். எட்டு மணி நேர டூட்டிக்கு 715 ரூபாய் என்று தொடங்கினார்கள். தொலைதூர வண்டிகளும் புதிய வண்டிகளும் அந்தக் கம்பெனிக்கு. பழைய கழகத்துக்கு ஆர்டினரியும் கிராமத்து ட்ரிப்பும். அதிக வருமானம் தரும் தடங்கள் ஒரு கைக்கும், செலவு வைக்கும் தடங்கள் இன்னொரு கைக்கும் போனால், இரண்டாம் கை நஷ்டக் கணக்கு காட்டாமல் வேறென்ன காட்டும்? பி.எஸ்.சி. வழியாக நிரந்தர டிரைவர்களையும் கண்டக்டர்களையும் எடுப்பது நின்றுபோய் ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வுபெறுகிறவரின் இடம் காலியாகவே கிடக்கிறது. ஆள் இல்லை என்று ட்ரிப் ரத்தாகும். ரத்தான ட்ரிப்பில் பயணி இருக்கமாட்டார். பயணி இல்லாத தடத்துக்கு ஷெட்யூல் எதற்கு என்று ஒரு நாள் கேள்வி வரும். ஸ்விஃப்ட் பத்தாண்டுக் கம்பெனி என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அப்புறம் கழகத்தோடு சேர்த்துவிடுவதாகப் பேச்சு. அப்படிச் சேரும் நாளில் பாறசாலையில் சேர்த்துக்கொள்ள என்ன மிஞ்சியிருக்கும் என்பதே நம் பயம்.

நடுப்பகல் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கணக்குப்பிள்ளையின் பார்வையும் ஊராரின் பார்வையும் பிரிகின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியில் கூட்டம் குறைவு. உண்மை. யார் அந்தக் குறைந்த கூட்டம்? காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் முதியவர். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து பிரசவம் முடிந்து குழந்தையோடு வரும் பெண். பனச்சமூடு சந்தையில் மரச்சீனியும் வாழைக்குலையும் விற்றுவிட்டுக் கூடையோடு திரும்பும் அம்மாமார். தாலுகா ஆபீசில் சான்றிதழுக்கு அலைந்தவர். பைக் வாங்கும் வசதியும் ஆட்டோ பிடிக்கும் வசதியும் இல்லாதவர்கள்தான் அந்த நேரத்து வண்டியில் இருப்பார்கள். காலையில் ஆபீஸ் போகிறவருக்குப் பஸ் போனால் பைக் உண்டு. இவர்களுக்கு மாற்று கிடையாது. ஆர்டினரி வண்டியை அரசு நடத்துவதற்குக் காரணமே இவர்கள்தான். கலெக்‌ஷன் குறைவு என்று இவர்களுடைய ட்ரிப்பை எடுத்துக் காலைக் கூட்டத்துக்குக் கொடுத்தால், வசூல் நிச்சயம் கூடும். அந்தக் கூடுதல் வசூலைத்தான் சோதனையின் வெற்றி என்று எழுதுவார்கள்.

இரவு வண்டிக்கும் இதே கதி. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் டூட்டியை அடக்க வேண்டுமென்றால், விடியற்காலை வண்டிக்கும் இரவு கடைசி வண்டிக்கும் வெவ்வேறு ஆட்கள் வேண்டும். டபுள் டூட்டியில் ஒரே ஆளே இரண்டையும் ஓட்டினார். ஆளைக் கூட்டாமல் முறையை மட்டும் மாற்றினால் ஏதோ ஒரு முனை அறுந்தே தீரும். திருவனந்தபுரத்தில் துணிக்கடையிலும் ஓட்டலிலும் நின்று வேலை செய்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் பெண்கள், நெய்யாற்றின்கரை வரை ஃபாஸ்ட் பாசஞ்சரில் வந்துவிடலாம், அங்கிருந்து உள்கிராமத்துக்கு? இந்தக் கேள்விக்கு ஷெட்யூல் போடுகிற மேசையில் பதில் இருக்க வேண்டும்.

இதற்கிடையே நெடுஞ்சாலையே இடம் மாறிவிட்டது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புறவழிச்சாலை வந்தபின், தொலைதூர வண்டிகள் பாலராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் உதியன்குளங்கரையையும் தொடாமலே எல்லையைத் தாண்டிப் போக முடிகிறது. பழைய சாலையில் ஓடும் வண்டிக்கு இதுவரை கிடைத்த நெடுந்தூரப் பயணி இனிக் கிடைக்கமாட்டார். அப்போது பழைய சாலையும் அதிலிருந்து கிளை பிரியும் கிராமத் தடங்களும் உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி நிற்க வேண்டிவரும். விழிஞ்ஞம் துறைமுகமும் பக்கத்திலேயே வந்துவிட்டது. அங்கே ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று பார்த்துத் தடம் போட்டால் கழகத்துக்கே லாபம். வரப்போகும் பயணியைத் தேடிப் போவதும் மாற்றம்தானே? ஆள்குறைப்பை மட்டும் மாற்றம் என்று சொல்லப் பழகிவிட்டோம்.

இந்தச் சாலைக்கு ஒரு பழைய பெருமை உண்டு. திருவிதாங்கூர் அரசு போக்குவரத்தைத் தன் கையில் எடுத்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவிலும் குமரியும் போகும் இந்தத் தடம் முதலில் எடுத்தவற்றில் ஒன்று. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி மன்னர் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டரைக் கண்காணிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த கோமர் சேசிஸ் அறுபது. அவற்றுக்குக் கூடு கட்டியது உள்ளூரில். பட்டதாரிகளைத் தேடி எடுத்துக் கண்டக்டர்களாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் நியமித்தார்கள். தனியார் முதலாளிகளின் இஷ்டத்துக்கு ஓடிய வண்டிகளை, நேரமும் டிக்கெட்டும் உள்ள சேவையாக மாற்றியது அந்த நாளில் மிகப் பெரிய மாற்றம். மன்னராட்சி முடிந்து, 1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீசுவரமும் தோவாளையும் சென்னை மாநிலத்துக்குப் போக, தமிழர்கள் கேட்டுக்கொண்டிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வீடுகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் நடுவே விழுந்தது. கோட்டின் இருபுறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தவற்றில் பஸ்ஸும் ஒன்று. கொரோனா காலத்தில் இரு மாநில பஸ் நின்று, 2021 டிசம்பரில் திரும்ப ஓடத் தொடங்கும் வரை, கேரள வண்டியில் எல்லை வரை வந்து இறங்கி, நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்தப் பக்கத்தையும் பார்ப்போம். களியக்காவிளை நிறுத்தத்தில் தமிழ்நாட்டு டவுன் பஸ் நிற்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அந்தப் பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து பணம் கொடுக்காமல் களியக்காவிளை வந்த பெண், அங்கிருந்து பாறசாலைக்குக் காசு கொடுத்து ஏற வேண்டும். தமிழ்நாட்டுக் கழகங்கள் சொர்க்கபுரி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 9-இல் அங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றதும் அதன் காரணங்களில் ஒன்று. சீரமைப்பு என்ற பெயரில் அவர்கள் ஆடிய ஆட்டமும் கொஞ்சமல்ல: கட்டபொம்மன் கழகம், பிறகு அதிலிருந்து நேசமணி கழகம், 1997-இல் தலைவர்களின் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு எண் போட்ட கோட்டங்கள். குமரி மாவட்டத்துப் பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியதை அழித்து அழித்து எழுதிய பெயிண்டருக்குத்தான் அதில் லாபம். ஆனாலும் கட்டணமில்லாப் பயணத் திட்டம் ஒரு விஷயத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது. ஒரு ட்ரிப்பின் மதிப்பு கண்டக்டரின் பையில் விழும் சில்லறையோடு முடிவதில்லை. ஊருக்கு அது தேவை என்றால் அதற்கான தொகையை அரசு தன் பட்ஜெட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேரளமும் ஆண்டுதோறும் கழகத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறது. அதை ‘உதவி’ என்றும் ‘கைதூக்கிவிடல்’ என்றும் சொல்லிக் கொடுக்கிறது. பாறசாலையின் நடுப்பகல் ட்ரிப்புக்கு இவ்வளவு, வெள்ளறடையின் இரவு ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பெயர் எழுதிக் கொடுத்தால் அது சேவைக்கான விலை. வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை, கொடுக்கிறவர் கணக்குக் கேட்கவும் முடியும்.

மாற்றத்தை வம்படியாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானா இருக்கிறது. 2019 அக்டோபர் 5-இல் அங்கே தொடங்கிய போக்குவரத்து வேலைநிறுத்தம் ஐம்பது நாளுக்கு மேல் நீடித்தது. வேலைக்கு வராத ஏறத்தாழ 48,000 பேர் தங்களைத் தாங்களே வேலையிலிருந்து நீக்கிக்கொண்டதாக அரசு அறிவித்தது. தொழிலாளர் உயிர்கள் போயின. கடைசியில் அவர்களையே திரும்பக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து ஆந்திரம் 2020 ஜனவரி 1 முதல் போக்குவரத்து ஊழியர்களை அரசு ஊழியர்களாகவே சேர்த்துக்கொண்டது. அது இன்னொரு கோடி, அந்தச் சுமையைத் தாங்க எல்லா மாநிலத்தாலும் முடியாது. இரண்டுக்கும் நடுவே கேரளத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் தவணைச் சம்பளத்துக்கும் டயஸ்நோனுக்கும் இடையே பேச்சு நடத்துவது அந்த வழியாகாது.

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பாறசாலையில் 2022 அக்டோபருக்கு முன்னும் பின்னும் ஓடிய ட்ரிப்புகளின் பட்டியலைத் தடவாரியாக, நேரவாரியாக வெளியிடுங்கள். எந்த ட்ரிப் கூடியது, எது குறைந்தது, எது நின்றது, ஆளில்லாமல் மாதத்துக்கு எத்தனை ரத்தானது என்று அதில் இருக்கட்டும். கலெக்‌ஷன் கூடியதை முதல் வரியிலேயே போடுங்கள், ஆட்சேபமில்லை. அதற்குக் கீழே விபத்து, ஊழியரின் மருத்துவ விடுப்பு, ஓய்வறைக்குச் செய்த செலவு இவையும் வரட்டும். நெய்யாற்றின்கரை, பூவார், வெள்ளறடை டிப்போக்களில் எந்த மாற்றம் செய்வதானாலும் அந்தந்தப் பஞ்சாயத்தில் கூட்டம் போட்டு ஊராரிடமும் ஓட்டுகிறவர்களிடமும் கேட்ட பிறகே ஷெட்யூலில் கையெழுத்திடுங்கள். நின்றுபோகும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுங்கள்.

அந்த அறிவிப்பு மலையாளத்தோடு தமிழிலும் வேண்டும். இது தயவு கேட்பதாகாது. தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. எல்லையோரத்தில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த மூதாட்டி, தான் நிற்கும் நிறுத்தத்துக்கு இனி இரண்டு மணி வண்டி வராது என்பதை ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிய வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு ஆட்டோக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைநேரத்துக்கும் சம்பளத்துக்கும் கொடி பிடித்த வேகம், கிராமத்து ட்ரிப் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோது தெரியவில்லை. டபுள் டூட்டியைக் காப்பாற்ற அடித்த முஷ்டியில் பாதி, காலியிடங்களை நிரப்பச் சொல்லி அடித்திருந்தால், வண்டிக்குக் காத்து நிற்பவர்கள் அவர்கள் பக்கம் நின்றிருப்பார்கள். சிங்கிள் டூட்டியை எதிர்த்தபோது ஊரார் வேடிக்கை பார்த்ததற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். பயணியும் கண்டக்டரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்பதை இரு தரப்பும் மறந்ததில் நிர்வாகத்துக்கு வேலை சுலபமாயிற்று.

அடுத்த மாற்றத்துக்கான கோப்பு எந்த மேசையிலாவது தயாராகிக்கொண்டிருக்கும். பாறசாலையின் கணக்கு வெளியே வரும் வரை அதில் யாரும் கையெழுத்திடக் கூடாது. பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரும் கட்சியைத் தள்ளிவைத்துவிட்டு, வரும் கூட்டத்தொடரிலேயே இந்தத் தடவாரிக் கணக்கைப் போக்குவரத்து அமைச்சரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.